பிட்டு யார், தேங்காய்ப்பூ யார்? கிழக்குக் கரையில் துணை நிற்பதன் கணக்கு வழக்கு

மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் அக்கரைப்பற்று பஸ் ஏறி, யன்னல் ஓரம் இடம் பிடித்துவிட்டால் போதும். இந்தக் கரையின் அரசியலைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். கல்லடிப் பாலம் தாண்டினால் தமிழ் ஊர். கொஞ்ச நேரத்தில் நடுவீதியில் பேரீச்சை மரங்கள் வரிசையாக நிற்கும், அது காத்தான்குடி. அது முடிய ஆரையம்பதி. கிரான்குளம், குருக்கள்மடம், களுவாஞ்சிகுடி, கல்லாறு என்று தமிழ் ஊர்களாகவே போய், பெரியநீலாவணை கழிந்ததும் மருதமுனையின் கைத்தறிச் சாரன் கடைகள் வந்துவிடும். அடுத்தது பாண்டிருப்பு, தமிழ். கல்முனையில் இரண்டு பேரும். சாய்ந்தமருது முஸ்லிம், காரைதீவு தமிழ், நிந்தவூர் முஸ்லிம். கொண்டக்டர் ஊர்ப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பெரும்பான்மை சிறுபான்மையாகிவிடும்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் நூற்றுக்கு 72 பேர் தமிழர், 25 பேர் முஸ்லிம்கள். அதற்குத் தெற்கே, 1961இல் தனி மாவட்டமாகப் பிரிந்துபோன அம்பாறையில் முஸ்லிம்கள் 43, சிங்களவர் 39, தமிழர் 17. நாடு என்று பார்த்தால் இந்தக் கணக்கு வேறு மாதிரி. ஆகவே 'ஒடுக்கப்பட்டவர் யார், யாருக்கு யார் துணை நிற்பது' என்ற கேள்விக்கு, இங்கே ஊர்ப்பெயர் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. 1956 முதல் மொழிச் சட்டத்தால் அடிபட்ட அதே தமிழர், தன் ஊர்க் கோயில் கூட்டத்தில் இன்னொருவரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்துகிறவராக இருக்கலாம். கல்முனைச் சந்தையில் பலசாலியாகத் தெரியும் முஸ்லிம் வியாபாரி, 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு மட்டக்களப்பு நகரத்துக்கு வரப் பயந்தவராக இருக்கலாம்.

இதை மூடி மறைக்கத்தான் எங்களிடம் ஓர் உவமை இருக்கிறது: 'தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல.' மேடை ஏறும் அரசியல்வாதி யாராக இருந்தாலும் இதைச் சொல்லாமல் இறங்கமாட்டார். சொல்லட்டும், உவமையில் பொய் இல்லை. குழலுக்குள் இரண்டும் அடுக்கடுக்காகத்தான் வேகின்றன. ஊர்களும் அப்படித்தான் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஆனால் பிட்டு யார், தேங்காய்ப்பூ யார் என்று யாரும் கேட்டதாக நான் கண்டதில்லை. அடுப்பு யாருடையது என்றும் கேட்டதில்லை.

துணை நிற்பவர்களுக்குச் செயலமர்வுகளில் 'அலை' (ally) என்று ஒரு ஆங்கிலச் சொல் புழங்குகிறது. வளவாளர் வெள்ளைப் பலகையில் அதை எழுதும்போது கடலோரத்து ஆட்களுக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்து தொலைக்கிறது. 'கூட்டாளி' என்று தமிழாக்கியவர்களும் உண்டு. எங்கள் ஊரில் கூட்டாளி என்றால் சிநேகிதன், அவ்வளவுதான். மற்ற இடங்களில் அது களவுக்குக் கூடப் போனவன் என்றும் பொருள்படும். நான் 'துணை' என்றே எழுதுகிறேன்.

அந்த இன்னொரு அலையிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் உதவி செய்ய வந்தவர்கள் உபத்திரவம் செய்துவிட்டுப் போன கதை அதில் தெளிவாக இருக்கிறது.

2004 டிசம்பர் 26, சுனாமி. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம்தான், பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை கரையோரம் துடைத்தெறியப்பட்டது. மட்டக்களப்பில் கல்லடி, டச்பார், நாவலடி. உலகமெல்லாம் இருந்து ஆட்கள் வந்தார்கள். நல்ல மனதோடு வந்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீடு கட்டித் தந்தார்கள். தந்த வீட்டை யார் பெயரில் எழுதினார்கள்? படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ஆணின் பெயர் போனது.

வேறு இடத்தில் இது சாதாரணம். இங்கே அப்படியில்லை. மட்டக்களப்புத் தமிழரிடமும், கிழக்கின் முஸ்லிம்களிடமும் வீடு பெண்ணின் சொத்து. மகளுக்குக் கலியாணம் பேசும்போது தாய் தகப்பன் வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து குடியிருப்பார். குடிமுறை, அதாவது யார் எந்த வம்சக் குழு என்பது, தாய்வழியில் வருகிறது. இந்தத் தாய்வழி உரிமையைச் சொன்ன பழைய முக்குவர் சட்டம் 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு வழக்கொழிந்து போனாலும், வீடு மகளுக்கு என்ற பழக்கம் போகவில்லை. புருசன் கோபித்துக்கொண்டு போனால் அவர்தான் சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போகவேண்டும். அவள் தன் வீட்டில் இருப்பாள். ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய காவல் என்ன?

கடல் அந்த வீட்டைக் கொண்டுபோனது. வந்த உதவி, அதே பெண்ணுக்குப் புது வீட்டைப் புருசன் பெயரில் கொடுத்தது. தாய் கொடுத்த உறுதிப் பத்திரம் வெள்ளத்தோடு போய்விட்டது. அதற்குச் சாட்சி ஊர்ச்சனம்தான். அரச காணி என்றால் கதை இன்னும் மோசம். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், உரித்து வரிசையில் ஆண்பிள்ளைகளுக்கே முதலிடம் இருந்தது. குடித்துவிட்டு வந்து 'இது என்ர வீடு, வெளியே போ' என்று சொல்லும் அதிகாரத்தை இந்தக் கரையின் ஆண்களுக்கு முதன்முதலாகக் கடதாசியில் கொடுத்தவர்கள் உதவிக்கு வந்தவர்கள். இதை அந்தக் காலத்திலேயே சொன்னவை மட்டக்களப்பின் பெண்கள் அமைப்புகள். 1990இன் அழிவுக்குப் பிறகு இடம்பெயர்ந்த பெண்களோடு வேலை செய்யத் தொடங்கி, 1993இலிருந்து மட்டக்களப்பில் இயங்கும் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்றவை சுனாமிக்கு முன்பே ஊருக்குள் இருந்தவை. அவர்களிடம் ஒருநாள் உட்கார்ந்து கேட்டிருந்தால் போதும். ஆனால் நன்கொடைக்குக் கெடு இருந்தது, கட்டத்தை நிரப்ப வேண்டியிருந்தது.

கெட்ட எண்ணத்தால் வரும் தீமையை ஊர் அடையாளம் கண்டுகொள்ளும். நல்ல எண்ணமும் அவசரமும் சேர்ந்து வரும்போதுதான் கஷ்டம். நன்றி சொல்லிக்கொண்டே இழக்க வேண்டியிருக்கிறது.

அதே மாதிரிச் சிக்கல் வெளியாருக்கு மட்டும் உரியதல்ல. பறைமேளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கில் அம்மன் சடங்குக்கும் சாவுக்கும் பறை வேண்டும். அடிப்பது பரம்பரையாக ஒரு சமூகத்தின் ஊழியம். அழைத்தால் வரவேண்டும், கொடுத்ததை வாங்கவேண்டும், நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கவேண்டும். 'மட்டக்களப்பில் சாதி இல்லை, குடிதான்' என்று யாழ்ப்பாணத்தாரோடு வாதாடும்போது நெஞ்சை நிமிர்த்துகிற நாங்கள், இந்த ஓரத்தைப் பற்றிக் கதைப்பதில்லை. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பதவிக்கு எந்தக் குடி, திருவிழாவில் எந்த நாள் யாருக்கு என்று வரிசைப்படுத்தி வைத்திருக்கிறோம். அந்த வரிசையில் கடைசியில் நிற்பவருக்குச் 'சாதி இல்லை' என்பது எப்படிக் கேட்கும்?

கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் இரண்டு குரல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கின்றன. பறை ஆதிக்கலை, தமிழரின் தொன்மை, அதைத் தலைநிமிர்ந்து அடிக்கவேண்டும் என்பது ஒன்று. பல்கலைக்கழகத்தாரும் கலைஞர்களும் இதைச் சொல்கிறார்கள். அவர்களில் நேர்மையாக அந்தச் சமூகத்தோடு சேர்ந்து உழைத்தவர்கள் இருக்கிறார்கள். மற்றக் குரல் அந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே வருகிறது: 'எங்கட அப்பன் அடிச்சது போதும். என்ர பிள்ளை அடிக்கமாட்டான்.' பறையை விட்டுவிட்டு மேசன் வேலைக்கும், கந்தோர் உத்தியோகத்துக்கும் போனவருடைய மகனைப் பிடித்து 'உன் கலையை மறக்காதே' என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? நான் பிறந்த குடியில் யாரும் சாவீட்டு வாசலில் நிற்க நேர்ந்ததில்லை. எனக்கு அது மேடையில் பார்க்கும் தாளம். அவருக்கு அது, சோறு வேறு பாத்திரத்தில் வந்த ஞாபகம்.

இதற்கு விடை சொல்ல நான் வரவில்லை. அடிப்பதா விடுவதா என்பது அவர்கள் தீர்மானிக்கவேண்டியது, அவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருப்பதும் இயல்பு. எனக்கு வேறு வேலை இருக்கிறது. என் ஊர்க் கோயில் பொதுக்கூட்டத்தில் எழும்பி, 'அவங்களைக் கூப்பிடுறதென்றால் ஒப்பந்தம் எழுதி, நாதஸ்வரக்காரருக்குக் கொடுக்கிற காசைக் கொடுத்து, அதே பந்தியில சாப்பாடு வையுங்க' என்று சொல்லும் வேலை. பறையைப் பற்றி மேடையில் அரைமணி நேரம் பேசுவதைவிட இது சின்ன வேலைதான். ஆனால் சொல்லிப் பாருங்கள். அடுத்த வருசம் திருவிழாப் பத்திரிகையில் உங்கள் பெயர் இருக்காது.

எங்கே கதைக்கிறோம் என்பதில்தான் துணையின் பெறுமதி இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் முன்னால் போய் 'நான் உங்கட பக்கம்' என்று சொல்வதால் அவருக்கு ஒரு தேநீர்ச் செலவு மிச்சமாகலாம், வேறொன்றுமில்லை. என் சொந்தச் சனத்தின் விறாந்தையில், மாமாவும் மச்சானும் இருக்கும் இடத்தில் கதைக்கும்போதுதான் அந்தக் கதைக்கு ஏதாவது விலை இருக்கிறது. அங்கே நான் மட்டும்தான் போகமுடியும், அவரால் போகமுடியாது.

சரி, துணை என்று சொல்லிக்கொண்டு வரும் எல்லோரையும் நம்பலாமா? கல்முனையைப் பார்ப்போம்.

கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தை முழுமையாகத் தரமுயர்த்த வேண்டும் என்பது அங்குள்ள தமிழரின் நீண்டகாலக் கோரிக்கை. அது தங்கள் நகரத்தைக் கூறுபோடும், எல்லைகள் நியாயமில்லை என்பது முஸ்லிம்களின் எதிர்ப்பு. இரண்டு பக்கமும் காரணம் இருக்கிறது, இரண்டு பக்கமும் பயமும் இருக்கிறது. 2019 ஜூனில், உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரத்தில், தமிழர் தரப்பு உண்ணாவிரதம் இருந்தது. கல்முனை விகாரையின் பிக்குவும் அதில் இருந்தார். எதிர்ப்பக்கத்தில் முஸ்லிம்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அப்போது ஆதரவு தெரிவிக்க வந்தவர்களில் ஒருவர், முஸ்லிம் எதிர்ப்புப் பிரசாரத்துக்குப் பேர்போன பௌத்த அமைப்பான பொதுபல சேனாவின் ஞானசார தேரர். மே மாதத்தில்தான் ஜனாதிபதியின் பொதுமன்னிப்பில் சிறையிலிருந்து வெளியே வந்திருந்தார். தமிழருக்கு நாங்கள் இருக்கிறோம் என்றார்.

கைதட்டியவர்கள் இருந்தார்கள். வெறும் வயிற்றோடு பந்தலில் கிடப்பவருக்கு யார் வந்தாலும் ஆறுதல்தான், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை எங்களுக்குத் தெரியாததல்ல. அந்த ஆதரவில் தமிழர்மேல் அன்பு எவ்வளவு, முஸ்லிம்கள்மேல் கோபம் எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்கத் தராசுகூடத் தேவைப்படவில்லை. செயலகம் இன்னும் இழுபறியில்தான் கிடக்கிறது.

அதே சூட்டில் இன்னொன்றும் நடந்தது. முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 1951இல் வந்தது. அதில் திருமணத்துக்குக் குறைந்தபட்ச வயது இல்லை. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கும் காதியாரின் (முஸ்லிம் விவாக நீதிபதியின்) அனுமதியோடு நிக்காஹ் செய்யலாம். மணமகளின் கையெழுத்து தேவையில்லை. பெண்கள் காதியாராக வரமுடியாது. இதை மாற்றக் கேட்டு முஸ்லிம் பெண்கள் பல பத்தாண்டுகளாகப் போராடுகிறார்கள். 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். அது அறிக்கை கொடுக்க 2018 ஆகிவிட்டது. அவ்வளவு காலமும் அந்தப் பெண்களோடு நின்ற வெளியார் கொஞ்சப் பேர்தான்.

2019க்குப் பிறகு பார்த்தால், அதுவரை ஒரு காதி நீதிமன்ற வாசலையும் கண்டிராத ஆண்கள் எல்லாம் முஸ்லிம் பெண்களுக்காகக் கண்ணீர் விட்டார்கள். பேஸ்புக்கில் தமிழ்ப் பெயர்களும் அதில் ஏராளம். 2021 ஒக்டோபரில் 'ஒரே நாடு ஒரே சட்டம்' என்று ஒரு செயலணி வந்தது. அதன் தலைவர் அதே ஞானசார தேரர். இத்தனை காலம் போராடிய ஒரு ராத்தாவின், அதாவது ஒரு முஸ்லிம் அக்காவின், நிலைமையை நினைத்துப் பாருங்கள். சட்டம் மாறவேண்டும் என்று வாய் திறந்தால், ஊருக்குள் 'எதிரிக்கு ஆயுதம் கொடுக்கிறாய்' என்பார்கள். திறக்காவிட்டால், பதினைந்து வயதுப் பிள்ளையின் வழக்கு அப்படியே கிடக்கும். வெளியே இருந்து வந்த 'ஆதரவு' அவளுடைய பாதையை ஒடுக்கிவிட்டது.

அந்த ராத்தாவுக்குத் தமிழனாக நான் என்ன செய்யலாம்? அவர்கள் எழுதிவைத்த கோரிக்கை வயது, கையெழுத்து, காதியார் பதவி என்று தெளிவாக இருக்கிறது. அதைச் சொன்னபடி சொல்லலாம், 'சோனகரே இப்படித்தான்' என்ற வாலை ஒட்டாமல். அந்த வாலை ஒட்டுகிற என் சிநேகிதனைத் தடுக்கலாம். அப்புறம் என் வீட்டுக் கணக்கையும் பார்க்கலாம். பொதுச் சட்டத்தில் 1995 முதல் திருமண வயது 18. ஆனாலும் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பதினாறிலும் பதினேழிலும் பிள்ளைகள் குடும்பமாகிறார்கள். பதிவு இல்லாததால் அது கலியாணக் கணக்கில் வருவதில்லை, ஆஸ்பத்திரி வார்ட்டில்தான் தெரியவருகிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையின்படி திருமணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அது வடக்கத்தியச் சட்டம், எங்களைக் கட்டாது. ஆனால் தமிழ்ப் பெண்ணைக் கட்டுகிறதே. இதைப் பற்றி எத்தனை பதிவு போட்டோம்?

இதற்கு எதிர்மாறான ஒரு வாரமும் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் அநியாயம்.

கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கவே வேண்டும் என்று 2020 ஏப்ரலில் அரசாங்கம் வர்த்தமானி போட்டது. உலக சுகாதார அமைப்பு புதைக்கலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. டிசம்பரில், பிறந்து இருபது நாளான ஒரு முஸ்லிம் குழந்தையையும் எரித்தார்கள். நாடு முழுக்க வேலிகளில் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரி 3இல் பொத்துவிலில் இருந்து ஒரு பேரணி புறப்பட்டது. ஐந்து நாளில் யாழ்ப்பாணத்தின் பொலிகண்டிக்குப் போய்ச் சேர்ந்தது. காணாமல் ஆக்கப்பட்டோர், காணி அபகரிப்பு, அரசியல் கைதிகள் என்று தமிழரின் கோரிக்கைகளோடு, ஜனாசாக்களை (முஸ்லிம்களின் உடல்களை) எரிக்காதே என்பதும், தோட்டத் தொழிலாளருக்கு ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் கொடு என்பதும் அதில் இருந்தன. மழை, நீதிமன்றத் தடை, வீதியில் ஆணிகள். வழியில் முஸ்லிம் ஊர்களிலும் ஆட்கள் சேர்ந்தார்கள். அந்த மாதக் கடைசியில் புதைக்க அனுமதி வந்தது. மார்ச் 5 முதல் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கம் செய்யத் தொடங்கினார்கள். பேரணியால்தான் அது நடந்தது என்று சொல்ல நான் வரவில்லை; வெளிநாட்டு அழுத்தம், ஜெனீவாக் கூட்டத்தொடர், பாகிஸ்தான் பிரதமரின் வருகை என்று பல காரணங்கள். 2024இல் அமைச்சரவை மன்னிப்பும் கேட்டது.

அந்த வாரம் ஏன் நன்றாக இருந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். 'எரிக்காதே' என்பது அவர்களுடைய சொல், அதை நாங்கள் மாற்றி எழுதவில்லை. எங்கள் கோரிக்கைக்குத் தலையாட்டு, அப்போதுதான் உனக்கு என்று பேரமும் வைக்கவில்லை. ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது: ஜனாசா விசயத்தில் எந்தத் தமிழனுக்கும் ஓர் அங்குல நிலம் நட்டமாகவில்லை. கல்முனை எல்லை என்று வந்தால் அதே கால்கள் நடக்குமா? ஐந்து நாள் நடப்பது எனக்குச் சுகமான தியாகம். பிரதேச செயலக எல்லைக் கூட்டத்தில் 'அவங்க சொல்ற இந்த இடத்தில நியாயம் இருக்கு' என்று ஒரு தமிழரோ, ஒரு முஸ்லிமோ எழும்பிச் சொல்லும் நாளை நான் இன்னும் பார்க்கவில்லை.

எழும்பிச் சொல்லமுடியாததற்கு ஒரு காரணம் 1990. அந்த வருசம் ஆகஸ்ட் 3ஆம் தேதி வெள்ளிக்கிழமை, காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களைச் சுட்டார்கள். ஒன்பது நாள் கழித்து வீரமுனையில் தமிழரைக் கொன்றார்கள். செப்டம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் 180க்கும் மேற்பட்ட தமிழர், கைக்குழந்தைகள் உட்பட. காத்தான்குடிப் பள்ளிவாசல் சுவரில் துப்பாக்கிச் சூட்டுத் துளைகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். சத்துருக்கொண்டானில் நினைவுத்தூபி இருக்கிறது. இரண்டுக்கும் இடையே சைக்கிளில் போனாலும் ஒரு மணித்தியாலம் எடுக்காது. ஆகஸ்டில் அங்கேயும் செப்டம்பரில் இங்கேயும் ஒரே ஆள் போய் நின்றதைக் காண்பது அபூர்வம். போனாலும், 'எங்களுக்கும் நடந்ததுதானே' என்ற வசனம் வாயில் தயாராக இருக்கும். சாவீட்டுக்குப் போய் என் வீட்டுச் சாவைச் சொல்லுகிறவனை ஊரில் என்னவென்று சொல்வார்கள்? பாய் விரித்தார்கள் என்றால் இருந்துவிட்டு, கேட்டுவிட்டு, எழும்பி வரவேண்டியதுதான். என் கதைக்கு வேறு நாள் இருக்கிறது.

இவ்வளவும் தமிழர், முஸ்லிம் என்றே போய்விட்டது. எங்கள் கட்டுரைகள் எல்லாம் இப்படித்தான் போகும், இரண்டு கரையைப் பற்றியே. நடுவில் இருக்கும் ஆட்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள்.

அக்கரைப்பற்றுக்கு உள்ளே, ஆலையடிவேம்புப் பிரதேசத்தில் அளிக்கம்பை இருக்கிறது. வீட்டுக்குள் தெலுங்கு பேசும் மக்கள். முன்பு பாம்பாட்டியும் கைரேகை பார்த்தும் ஊர் ஊராகத் திரிந்தவர்களின் வழித்தோன்றல்கள். பெரும்பாலும் கத்தோலிக்கர். பிள்ளைகள் பள்ளியில் தமிழில் படிக்கிறார்கள். தமிழ் ஊர்களிலோ 'குறவன்' என்பது இன்னும் வசைச்சொல்லாகவே புழங்குகிறது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு வரும் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டுதான் வரவேண்டும். அவர்களுக்குத் துணை நிற்க நிதியுதவித் திட்டம் எதுவும் தேவையில்லை, வாயை அடக்கினால் முதல் படி முடிந்தது. இரண்டாவது படிதான் கஷ்டம்: என் பிள்ளை அந்தச் சொல்லைச் சொல்லும்போது சிரிக்காமல் இருப்பது.

வடக்கே வாகரைப் பக்கம் கரையோர வேடர்கள். குஞ்சன்குளம், பால்சேனை, கதிரவெளி என்று பரந்திருக்கிறார்கள். பேசுவது தமிழ், பதிவேட்டில் 'தமிழர்'. தேன், சேனை, மீன்பிடி. 2006, 2007 யுத்தத்தில் வாகரை பட்ட பாட்டில் அவர்களும் இடம்பெயர்ந்து திரும்பியவர்கள். ஆகஸ்ட் 9, உலகப் பூர்வகுடிகள் தினம் வந்தால்தான் பலருக்கு அவர்கள் ஞாபகம் வரும்.

நானும் அப்படி ஒரு தினத்துக்குப் போனவன். ஒரு பெரியவரிடம், 'அப்பா, ஒருக்கா அந்த வில்லைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்க, படம் எடுக்கணும்' என்று கேட்டேன். அவர் பிடித்தார். படம் எடுத்து முடிந்ததும் சிரித்துக்கொண்டே சொன்னார்: 'மனே, இது நேத்துக் கொண்டு தந்த வில்லு. எனக்கு வலைதான் பழக்கம்.' அந்தப் படத்தை நான் எங்கும் போடவில்லை. போட்டிருந்தால் நூறு லைக் வந்திருக்கும் என்பதும் தெரியும். அவருக்கு என்ன வேண்டும் என்று பிறகுதான் கேட்டேன். காட்டு எல்லையில் வனத்திணைக்களக் கல் நட்டதால் தேன் எடுக்கப் போகமுடியவில்லை, வழக்குப் போட்டால் தமிழில் விளங்கப்படுத்த ஆள் வேண்டும் என்றார். வில்லுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

படம் என்றதும் இன்னொன்று. தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகள் காலனித்துவக் காலத்தில் வந்தவை. ஒருபால் உறவை இன்றும் குற்றமாகவே வைத்திருக்கின்றன. அதை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர்நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்னது, ஆனால் சட்டம் மாறவில்லை. பால்நிலையை மாற்றிப் பதிவதற்கான சான்றிதழுக்கு 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை வந்தது. கொழும்பில் ஒரு ஊர்வலப் படத்தில் முகம் தெரிந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாமல் போகலாம். களுவாஞ்சிகுடியில் அப்படியில்லை, பின்னேரத்துக்குள் தாய் வேலை செய்யும் கந்தோருக்குப் படம் போய்விடும். ஆதரவு என்று நினைத்து யாரையாவது டேக் பண்ணுமுன் கேளுங்கள். சின்ன ஊரில் இரகசியம் காப்பதும் ஒரு துணைதான்.

வலுவிழந்தோர் விசயத்தில் நீட்டிமுழக்க எதுவுமில்லை. சட்டம் 1996இல் வந்தது, அணுகும் வசதி விதிகள் 2006இல், உயர்நீதிமன்றக் கட்டளை 2011இல், ஐநா சமவாயத்தை ஏற்றது 2016இல். பொதுக் கட்டடத்துக்குச் சாய்தளம் கட்டாயம். இருந்தும் வலுவிழந்தோர் உரிமை பற்றிய ஒரு கலந்துரையாடலுக்கு நான் ஏறிப்போனது இரண்டாம் மாடிக்கு. சக்கர நாற்காலியில் வந்த தங்கச்சி கீழே நின்று, மேலே நடப்பதைப் போனில் கேட்டார். கூட்டத்தைக் கீழே இறக்கலாமே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. புரொஜெக்டர் மேலே பொருத்தியிருந்தது, அதுதான் காரணம்.

மட்டக்களப்பில் 2022 ஏப்ரலில், பொருளாதார நெருக்கடி கழுத்தை நெரித்த நேரத்தில், பெண்கள் நீதிக்கான நடை என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பெரிய கூட்டமில்லை. பாட்டும் பதாகையுமாக நகர வீதியில் நாளாந்தம் நடந்தார்கள். பார்த்துவிட்டுப் போன ஆண்களில் பலருக்கு அதில் சேரவேண்டும் போல இருந்திருக்கும், எனக்கும் இருந்தது. சேர்ந்தால் முன்னுக்குப் போய்க் கோசம் எழுப்பவேண்டும் என்றுதான் எங்களுக்குப் பழக்கம். குரல் பெரிது, மைக் பிடித்துத் தேர்ந்த கை.

வேறொரு நாள், வேறொரு மண்டபத்தில், பெண்களே கூடிய ஒரு கூட்டம் முடிந்த நேரம், ஒழுங்குசெய்த அக்காவிடம் போய், 'நாங்க என்ன செய்யணும் அக்கா?' என்று கேட்டேன். நல்ல பெரிய பதிலாக வரும், குறிப்பெடுக்கலாம் என்று கையில் கொப்பியும் வைத்திருந்தேன். அவர் சாவிக்கொத்தைத் தேடிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: 'தம்பி, பஸ் போறதுக்குள்ள நாங்க போகணும். நீங்க அந்தக் கதிரையெல்லாம் அடுக்கிவெச்சிட்டு, லைட்டை நிப்பாட்டிட்டு வாங்க.'

நூற்றிப் பத்துக் கதிரை இருந்தது.